கேபிள் குழியில் ஒரு கை

முதலில் தெரிந்தது மோதிரம்.

அடுத்து விரல்.

அப்புறம்... முழுக் கை!

1996 நவம்பர். ராஜகீழ்ப்பாக்கத்தையே கழுவிக் கடலில் கொட்டிவிடுவதென்று கங்கணம் கட்டிக்கொண்டு பெய்த மழை, மதியம்தான் ஓய்ந்திருந்தது. சாலையோர மண் கரைந்து, டெலிபோன் குழி வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளே கறுப்புக் கேபிள்... அதைத் தலையணையாக்கிப் படுத்திருந்தது ஒரு பிணம்.

மழைக்குப் பின் லைன் பார்க்க வந்த ஜூனியர் இன்ஜினீயர் சாமுண்டீஸ்வரி குனிந்து பார்த்தாள்.

"பூவராகன்... உங்க பார்ட்னர். துபாய் போயிட்டார்னு சொன்னீங்க?"

அவளை ஜீப்பில் அழைத்து வந்த குழி கான்ட்ராக்டர் ஜெயவேலு, வண்டியிலிருந்து கோடாலியை எடுத்தான்.

"போன்னுதான் சொன்னேன் மேடம். சேந்து வாங்குன மனையில பாதி குடு, அப்பால போறேன்னான். இன்னா பண்றது?"

"அதுக்கு அரசாங்கக் குழியிலயா புதைப்பீங்க?"

"தோண்டுனதும் நானு, மூடுனதும் நானு. எவன் வந்து பாக்கப்போறான்?"

"ஆளுயரம் தோண்டச் சொன்னா முழங்கால் ஆழம் தோண்டியிருக்கீங்க. கொலையிலயுமா கலப்படம்?"

"வாய் ஜாஸ்தியா கீது. இத்த நீ பாக்கல. சரின்னு சொல்லு, வூட்டாண்ட வுட்டுர்றேன்."

"பாத்துட்டேனே."

"அப்ப நீயும் உள்ள எறங்கு."

சுற்றிலும் காலி மனைகள். ஒரு ஈ காக்கை இல்லை.

சாமுண்டீஸ்வரியின் முகவாய் இறங்கவில்லை. பையிலிருந்து டெஸ்ட் போனை எடுத்தாள். லைன்மேன்கள் கம்பியில் மாட்டிப் பேசுவார்களே, அது. கேபிளின் மேல் அழுத்தினாள்.

"தாம்பரம் எக்ஸ்சேஞ்சா? சாமுண்டீஸ்வரி பேசறேன். இங்க ஒரு கொலை. பண்ணினது ஜெயவே..."

ஜெயவேலுவின் கண்கள் தேங்காய் அளவுக்குப் பிதுங்கின.

கோடாலி பாய்ந்தது!

கேபிள் இரண்டு துண்டு!

அந்த நொடியில் வேளச்சேரி வரை ஆயிரமாயிரம் போன்கள் ஊமையாயின... பேங்க் கம்ப்யூட்டர்கள் விழி பிதுங்கின... எங்கோ ஒரு கல்யாணப் பேச்சு சீர்வரிசையோடு அறுந்தது.

"இப்பப் பேசு," என்றான்.

அவள் குழியோரம் கிடந்த கடப்பாரையைத் தூக்கினாள்.

"வா."

கோடாலி ஒரு பக்கம். கடப்பாரை மறுபக்கம். நடுவில் பூவராகன். நவக்கிரகம் சுற்றுவதுபோல் இருவரும் கால் மணி நேரம் குழியைச் சுற்றினார்கள். பிணத்துக்கே தலை சுற்றியிருக்கும்.

"லைன் கட்டு. ஒருத்தனும் வர மாட்டான்."

"கட்டானதாலதான் வருவாங்க."

சைரன்...!

போலீஸ் ஜீப். பின்னாலேயே எக்ஸ்சேஞ்ச் வேன். கோடாலி நழுவி விழுந்தது. விலங்கு ஏறியது.

"எப்டி...?"

"இது செம்பு இல்ல ஜெயவேலு. கண்ணாடி இழை. உள்ள ஓடுறது வெளிச்சம். வெட்டின இடத்துல முட்டித் திரும்பும். எந்த இடம்னு தாம்பரத்து மெஷின் காட்டிடும். செம்புன்னு நெனச்சு வெட்டுற திருடனுங்க தொல்லை தாங்காம, வெட்டு விழுந்தா போலீஸும் கூடவே வராங்க."

"அப்ப நீ போன்ல பேசுனது?"

"கண்ணாடியில அந்த போன் செத்த எலி. சும்மா, உங்களுக்குக் கேக்கட்டும்னு பேசினேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தபடி வந்தார்.

"எக்ஸ்சேஞ்சுக்குத் தகவல் குடுத்தது யாரும்மா?"

சாமுண்டீஸ்வரி ஜெயவேலுவைக் காட்டினாள்.

"இவர்தான் சார். என் போன் வேலை செய்யலைன்னதும், பாவம்... கோடாலியால டயல் பண்ணினார்."