மூன்றாம் கூறு

இமெல்டா இரண்டு கூறுதான் வைத்தாள். அதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஹோலின் நடுவில் இரண்டு படுக்கை விரிப்பை விரித்து, செத்துப்போன தகப்பனின் சாமான்களை ஒரு பக்கம் தனக்கும் மற்றப் பக்கம் தமையன் றெக்ஸுக்குமாகப் பிரித்துக் குவித்துவிட்டு, தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போடக் குசினிக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஜன்னலோரம் மூன்றாவது கூறு ஒன்று இருந்தது.

தாயின் வொயில் சேலையொன்று நாலாக மடித்துத் தரையில் போடப்பட்டிருந்தது. அதன்மேல் பால் குடிக்கிற ஒரு சின்னச் சில்வர் பேணி, தகப்பன் டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டுகிற வேலை செய்த காலத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த பிளாஸ்ரிக் கரண்டிகளில் ஒரு கைப்பிடி, பவுடர் டின் மூடி ஒன்று. விலைபோகக்கூடிய சாமான் ஒன்றுமில்லை. பெரிய ஆள் ஒருவரும் இப்படித் தெரிந்தெடுக்க மாட்டார்கள்.

களைப்பிலே நானே வைத்திருப்பன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எல்லாவற்றையும் வாரிக் குப்பைப் பையில் போட்டுக் கட்டி, பையைக் கொண்டுபோய்ப் பின்கதவடியில் வைத்தாள். வெளியே மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் தெருவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கே இருட்டிவிடுகிற மாதம்.

கடலோர ஊரான பேசாலையில் மீன்பிடிச்ச குடும்பம் அது. கரைக்கு வந்த மீனைக் கூறு வைப்பதற்கு அங்கே ஒரு முறை இருந்தது: மூத்தவர் கூறு வைக்கவேணும், இளையவர் முதலில் எடுக்கவேணும், அப்போதுதான் வைக்கிற கை கள்ளம் செய்யாது. மூத்தவனான றெக்ஸ் பாலத்துக்கு அங்கால் புரோசார்டில் இருந்தான். "நீயே வை பிள்ளை, நான் பின்னேரம் சாமான் ஏத்த வானைக் கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டான். இளையவள் இமெல்டா. ஆக, வைக்கிறவளும் அவளே, முதலில் எடுக்கிறவளும் அவளே. நல்ல சாமான் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அவளைக் குற்றம் சொல்லவும் ஏலாது. தகப்பன் யோசெப் அந்தக் குடும்பத்தில் மொன்றியலில் முதல் கால் வைத்தவர்; இந்த வீட்டை வாங்கினவர்; கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்து, தான் ஆர் என்பதையும் மறந்துபோனவர். ஆஸ்பத்திரியில் மற்றவர்களின் பெற்றோரைக் கழுவித் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அதே வேலையைத் தகப்பனுக்கும் செய்தவள் இமெல்டாதான். கலியாணம் என்று வந்த ஒன்றிரண்டு பேச்சும் அந்தக் கட்டிலடியிலேயே செத்துப்போனது. இந்த வீடும் போனால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. அது அவளுக்கு நெஞ்சில் நெருப்பாக இருந்தது.

சொத்து ஆருக்கென்று மரணசாதனம் எழுதாமல் மனுசன் போய்விட்டார். சொத்துப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிஸ் அம்மா ஒரு வெள்ளைத்தாளில் குடும்ப மரத்தைக் கீறினாள். மேலே யோசெப். கீழே மூன்று கொப்பு: றெக்ஸ், இமெல்டா, றொசான். பேசாலைக் காணியை எடுத்துக்கொண்டு வீட்டைத் தங்கச்சிக்கு விட றெக்ஸ் சம்மதித்தான். றொசான் சம்மதிக்கவில்லை. "வித்துப் பிரிப்பம் அக்கா. அப்பா எனக்கும் அப்பாதானே" என்றான்.

தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு. அன்றைக்குத்தான் இமெல்டா, அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தும் ஒருவரும் வாய்திறந்து சொல்லாத விசயத்தைக் கையில் எடுத்தாள்.

றொசான் என்ற கடைக்குட்டித் தம்பி நாலு வயதாக முன்னரே, சண்டைக்குப் பயந்து ஓடிப்போன நேரம், மடுக்கோயில் அகதி முகாமில் காய்ச்சலில் செத்துப்போனான். காட்டோரம் புதைத்தார்கள். மரணத்தைப் பதிய அப்போது கந்தோரும் இல்லை, மனமும் இல்லை. தகப்பனோ அதற்கு முன்னமே கனடாவுக்கு வந்து மூன்று பிள்ளை என்று எழுதிக் குடுத்துவிட்டார். மூன்று பேருக்கும் விசா வந்தது. ஒரு இடத்தை வீணாக்குவானேன் என்று, தகப்பனுடைய தங்கச்சியின் மகன் பிரசாந்தை, அதே வயதுப் பெடியனை, செத்தவனின் ஞானஸ்நானச் சான்றிதழோடு ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் றொசான். அந்தப் பெயரில் பள்ளிக்கூடம் போனான், அந்தப் பெயரில் கலியாணம் முடித்தான், அந்தப் பெயரில் கோயிலில் வாசகம் வாசித்தான். ஒவ்வொரு நவம்பரும் மரித்தவர்களின் பெயர்களைப் பூசைக்குக் குடுப்பார்கள் அல்லவா, அதில் ஒரு வருசமும் இவர்கள் றொசானின் பெயரைக் குடுக்கவில்லை. எப்படிக் குடுப்பது? றொசான் கண் முன்னால் பீடத்தில் நிற்கிறான். பெற்ற தாய்கூடத் தன் பிள்ளைக்கென்று ஒரு பூசை ஒப்புக்கொடுக்காமலே கண்ணை மூடினாள்.

"உன்ர பாஸ்போர்ட் ஆற்ற பெயரில இருக்கெண்டு நான் வெளியில சொன்னால் உன்ர பிள்ளையளின்ர கதி என்ன?" என்று இமெல்டா போனில் கேட்டாள். குரல் ஒரு துளிகூட நடுங்கவில்லை. "நீ றொசான் இல்லை. றொசான்ர பங்கு உனக்கு எதுக்கு?"

அவன் வாதாடவில்லை. பங்கு வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். நொத்தாரிஸ் வாசலில் தொப்பியை மாட்டிக்கொண்டு, முப்பது வருசத்துக்கு மேலாக அக்கா என்று கூப்பிட்ட வாயால் சொன்னான்: "உங்கட தம்பியின்ர பெயரை உங்களிட்டயே திருப்பித் தாறன், மச்சாள். அவனே வந்து எடுக்கட்டும்."

அது நேற்று.

இப்போது கேத்தல் கொதித்து அணைந்துவிட்டது, சுவரோரச் சூடாக்கி உள்ளுக்குள் நெரிந்து சத்தம் போட்டது, மேல்வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டதால் மச்சில் ஒரு காலடியும் இல்லை, தெருவில் பனி தள்ளும் இயந்திரம் உறுமிக்கொண்டு போய்த் தொலைவில் மங்கியது, அந்த உறுமல் முழுக்க அடங்கின பிறகுதான் இமெல்டாவின் மூக்கில் அந்த மணம் பட்டது: ஓடிக்கொலோன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் துணி நனைத்துப் போடுகிற ஓடிக்கொலோன், அதற்கடியில் ஈரமண், அதற்கும் அடியில் புளித்த பால். இந்த வீட்டில் ஓடிக்கொலோன் போத்தல் இருந்ததே இல்லை. தாய் உயிரோடு இருந்தவரை கடையில்கூட அதைத் தொடமாட்டாள்.

குசினியில் நின்றபடியே ஹோலை எட்டிப் பார்த்தாள். வொயில் சேலை பழையபடி ஜன்னலோரம் விரிந்திருந்தது. பேணி, கரண்டிகள், மூடி. அவற்றுக்குப் பக்கத்தில் இப்போது அவளுடைய சீப்பு. அவளுடைய தலையணை. வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற அவளுடைய நீலச் சட்டை, பிள்ளைக் கை மடித்ததுபோலக் கோணலாக மடித்தபடி. பின்கதவடியில் அவள் இறுகக் கட்டிவைத்த பை வெறுமையாக, முடிச்சு அவிழாமல் கிடந்தது.

"ஆர்?" என்றாள். கேட்ட பிறகு ஏன் கேட்டோம் என்று இருந்தது.

வெளியே போகவேணும். அண்ணை வரும்வரை சந்தியில் உள்ள தெப்பனர் கடையில் போய் நின்றால் காணும், அங்கே வெளிச்சமும் ஆட்களும் இருப்பார்கள், பிறகு சிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்து வாசலுக்கு ஓடினாள். சப்பாத்துத் தட்டில் அவளுடைய பனிச் சப்பாத்து இல்லை. அது எங்கே இருக்கும் என்று திரும்பிப் பார்க்க முன்னமே தெரிந்தது. சேலையின் ஓரத்தில், சோடியாக, வலது இடது மாறி வைக்கப்பட்டிருந்தது. எடுத்து ஒரு காலை உள்ளே விட்டாள். உள்ளே சூடான ஈரம். காலை உதறிப் பிடுங்கினாள்.

கைபேசி மட்டும் அவள் போட்டிருந்த சட்டையின் பைக்குள் இருந்தது. றெக்ஸ் எடுக்கவில்லை, பாலத்தில் நிற்பான். அடுத்த பெயரை அழுத்தினாள்.

"றொசான்," என்றாள்.

அந்தப் பக்கம் அவனுடைய பிள்ளைகள் பிரெஞ்சில் பிடுங்குப்படும் சத்தம் கேட்டது. "பிரசாந்த்," என்றான் அவன்.

"ஒருக்கால் வீட்ட வா. அந்தப் பேப்பரைக் கிழிப்பம். உனக்கும் பங்கு தாறன். நீதான் றொசான். நீ அப்பிடியே இரு."

"அது இனி என்னட்ட இல்லை மச்சாள். நான் குடுத்திட்டன்." பிள்ளைகளை அதட்டிச் சத்தத்தை அடக்கினான். "ஆரைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு கதைக்கிறியள்?"

"ஒருத்தரும் இல்லை."

"மூச்சு வாங்குது. சளிபிடிச்ச பிள்ளையின்ர மூச்சு. ஆரது?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். மூச்சு நிற்கவில்லை. போனிலிருந்து வரவில்லை அது. கீழேயிருந்து வந்தது. இடுப்புக்கும் கீழேயிருந்து.

ஹோல் அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது; விளக்கைப் போடவேணும். சுவிச் வாசலடியில். நாலைந்து எட்டு. கால் எழும்பவில்லை.

"வீடு வேணுமெண்டால் எடு," என்றாள் இருட்டுக்கு. வாழ்நாள் முழுக்க எதற்காகத் தேய்ந்தாளோ அதை, ஒரு பேரமும் பேசாமல், அந்த நிமிசமே குடுத்தாள். "எல்லாம் எடு தம்பி. நான் போறன். எனக்கு ஒண்டும் வேண்டாம்."

மூச்சு மட்டும். கிர் கிர் என்று.

சட்டையின் விளிம்பு இழுபட்டது.

மடுவுக்குப் போன பாதை நினைவில் எழும்பியது. அதை அவள் நினைப்பதே இல்லை. தாய் தலையில் மூட்டை, றெக்ஸ் கையில் அரிசியும் பானையும், தம்பி இவளுடைய இடுப்பில். ஒன்பது வயது இடுப்பு. இறக்கிவிட்டால் அழுவான். வழிநெடுக அழுவான். வழிநெடுக ஒரே சொல்.

"தூக்கு."

அதே சொல். அதே குரல். முழங்காலடியில்.

இடுப்பு தானாக ஒருபக்கம் சரிந்தது. கை தானாக வளைந்தது. அவள் குனியவில்லை. குனியவே இல்லை.

ஏறினான்.

முதலில் பாரம் இல்லை. சூடு மட்டும். காய்ச்சல் சூடு. கழுத்தைச் சுற்றி இரண்டு கை. ஈரக் கன்னம். பிறகு பாரம் கூடியது. மெல்ல. இடுப்பெலும்பு நொந்தது. முழங்கால் மடங்கப் பார்த்தது. இறக்கிவிடக் கையை விரித்தாள். கை விரிந்தது. பாரம் விழவில்லை. இன்னும் கூடியது.

வாசலில் திறப்புச் சத்தம். றெக்ஸ். சப்பாத்துப் பனியைத் தட்டுகிற சத்தம்.

"கூறு வைச்சு முடிஞ்சுதே? வானை ரோட்டில விட்டிட்டு வந்தனான், கெதியா ஏத்துவம்," என்று கதைத்துக்கொண்டே உள்ளே வந்து சுவிச்சைப் போட்டான்.

அவன் கூறுகளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. அவளுடைய இடுப்பைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். ஐம்பது வயது மனிதனின் வாயிலிருந்து பன்னிரண்டு வயதுப் பெடியனின் குரல் வந்தது.

"அவனை இறக்கு."

"இறங்கிறானில்லை அண்ணை."

கழுத்தோடு ஒட்டியிருந்த கன்னத்தில் தாடி குத்தியது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பெயர் இங்கே வளர்ந்த காலமெல்லாம் அவனும் அங்கே வளர்ந்திருக்கிறான். மண்ணுக்குள். ஒருத்தரும் செபிக்காமல். 

வெளிச்சம் வந்ததும் ஜன்னல் கண்ணாடி கறுத்து அறையைக் காட்டியது. வாசலில் றெக்ஸ். நடுவில் அவள், ஒருபக்கம் கூனி. அவளுடைய இடுப்பில் ஒரு முழு ஆம்பிளை. முன்மயிர் உதிர்ந்த தலை. தகப்பனின் தோள். நீண்ட இரண்டு கால்கள் தரையில் மடிந்து கிடந்தன, பாதங்களில் செம்மண்.

அந்தத் தலை அவளுடைய தோளிலிருந்து மெல்லத் திரும்பியது. அண்ணனைக் கண்டுகொண்டது. ஒரு கையை அவளுடைய கழுத்திலிருந்து எடுத்து அவனை நோக்கி நீட்டி, வாய்நிறையச் சிரித்தது. தாடிக்கு நடுவே இருந்த பல்லெல்லாம் பாற்பல்லு.