வலப்பக்கம் இரண்டு துளை

விடிந்தும் விடியாததுமாக மாமியார் போட்ட கூச்சலில் வீடே எழுந்துகொண்டது.

“ஐயோ... வந்து பாருடா! வெண்ணெய் திரளும்போது தாழியை உடைச்சிட்டாடா உன் பொண்டாட்டி!”

பட்டறையாகிவிட்ட பின்னறைக்குக் கணவன் ஓடி வந்தான். மேசைமேல் அவனுடைய மாவு பிசையும் இயந்திரம், மூன்று வருட உழைப்பு. அதன் பளபளத்த உடம்பில், வலப்பக்கம், புதிதாக இரண்டு துளை! மூடியைப் பூட்டும் கைப்பிடி இடப்பக்கத்திலிருந்து கழற்றப்பட்டுக் கிடந்தது. மனைவி கையில் டிரில்லிங் மெஷின்.

“நீயா... நீயா ஓட்டை போட்டே?”

“நான்தாங்க.”

“பத்து மணிக்குக் கம்பெனி அம்மா வர்றாங்கடி!”

“அதனாலதான் போட்டேன்.”

இரண்டு கம்பெனிகள் இந்த இயந்திரத்தைத் திருப்பி அனுப்பியாயிற்று. மூடி பூட்டவில்லை என்பது இரண்டு பேரும் சொன்ன குறை. “பூட்டத் தெரியாத பசங்க!” என்று அவன் சிரித்தான். மனைவி கண்ணிமைக்கும் நேரத்தில் பூட்டுகிறாளே! இன்று மூன்றாவது கம்பெனி. இதுவும் கைவிட்டால் பட்டறையை மூடிவிட்டுத் தம்பி கடையில் போய் நிற்பதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

“நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிச் சொல்லியே என் பிள்ளையைக் குட்டிச்சுவராக்கிட்டியேடி!” மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

எத்தனையோ ஏச்சை மருமகள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்கிறாள். இது மட்டும் தைத்தது. ஏனென்றால் இது உண்மை!

“ஆமாம் அத்தை, என்னாலதான். நேத்து மத்தியானம் நீங்க இதைப் பூட்ட முடியாம மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தீங்களே, அப்பதான் எனக்கே உறைச்சுது. நான் இடதுகைக்காரி. பன்னிரண்டு வருஷமா இவர் என் கையைப் பார்த்துப் பார்த்தே எல்லாத்தையும் செஞ்சிருக்கார். எனக்குச் சுலபமா இருக்கறது ஊர்ல யாருக்கும் முடியலை! சாயங்காலமே சொன்னேன்... எங்கே காது கொடுத்தார்?”

கணவன் குனிந்து அந்த இரண்டு துளையையும் விரலால் தடவிப் பார்த்தான்.

“தப்பாப் போச்சுன்னா?” என்றான் மெதுவாக.

“நான்தான் கெடுத்தேன்னு அந்தம்மாகிட்ட நானே சொல்றேன். உங்க பேரு கெடாது. இப்ப தள்ளுங்க, திருகாணி போடணும்.”

திருகாணி நேராக இறங்கியது.

பத்து மணிக்கு வந்த கம்பெனி அம்மாவுக்குப் பேச்சும் கம்மி, பொறுமையும் கம்மி. மாவைக் கொட்டினாள், தண்ணீர் விட்டாள், மூடியை வைத்து வலது கையால் கைப்பிடியை அழுத்தினாள். ‘டக்’ என்று பூட்டிக்கொண்டு இயந்திரம் ஓடியது. திறந்தாள், பூட்டினாள். நாலு தடவை!

“பூட்டாதுன்னு கேள்விப்பட்டேனே... யார் சரிபண்ணினது?”

“மெஷினை நான் செஞ்சேன்,” என்றான் கணவன். “அதை எல்லாருக்கும் ஆக்கினது என் மனைவி.”

“அப்ப திங்கட்கிழமை ஒப்பந்தம் போட ரெண்டு பேரும் வாங்க. கையெழுத்தும் ரெண்டு பேரும் போடணும்.”

கம்பெனி அம்மா போனதும் கணவன் மனைவி பக்கம் திரும்பினான். “நீ ஒரு தடவை பூட்டிக் காட்டேன்,” என்றான், சந்தோஷம் தாங்காமல்.

அவள் கைப்பிடிக்கு இடது கையைக் கொண்டுபோனாள். வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது.

அவன் முகம் மாறிவிட்டது. “இது... உன் கைக்குன்னே செஞ்சதுடி...” கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“தெரியும். இத்தனை வருஷம் எனக்குன்னே செஞ்சீங்க, போதும். இது வீட்டுக்கு வீடு போகட்டும்.”

“என்னடி போதும்?” மாமியார் பாய்ந்து வந்து மருமகளை இறுகக் கட்டிக்கொண்டாள். “வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிட்டேனே, பாவி நான்... டேய், மரம் மாதிரி நிக்கிறியே! போய் இவ கைக்கு இன்னொண்ணு செய்டா!”

பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக, மாமியாரின் தோளில் சாய்ந்து அவள் வாய்விட்டு அழுதாள்.