மணிதான் தப்பு

ஒரு சாயங்காலம், ஆள் இல்லாத பள்ளிக்கூடத்தில் காலை மணி அடித்தது.

வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கையில் துடைப்பம் அப்படியே நின்றது. படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சுண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "காலை வணக்கம், பிள்ளைகளே. வரிசையில் நில்லுங்கள்."

மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு காகிதம் மட்டும் உருண்டு வந்து, சொன்ன பேச்சைக் கேட்டதுபோல நின்றது.

"யாரும்மா அது?"

"ரிட்டயர் ஆன பெரிய டீச்சர் குரல்டி. கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வச்சிருக்காங்க. மணியும் அதுதான் அடிக்குது." அம்மாவின் குரல் இறங்கியது. "இப்ப யாரை நிக்கச் சொல்றாங்கன்னுதான் தெரியல."

கிளார்க் விறுவிறுவென்று வந்தார். "நேத்தும் இதே கூத்து. இந்நேரத்துல இங்க இருக்கறது நீதான். கம்ப்யூட்டரைத் தொட்டியா?"

"தூசி தட்டக்கூட கிட்ட போறதில்லீங்க."

"இன்னொரு வாட்டி மணி தப்பா அடிச்சா, நீ வேலைக்கு வர வேண்டாம்மா."

சுண்டு எழுந்து ஆபீஸ் அறைக்குப் போனாள். இருட்டில் கம்ப்யூட்டர் மட்டும் நீலமாக விழித்திருந்தது. அவள் கிட்டே போனாள். திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. காலை ஒன்பது என்றது.

"மணி சரியாத்தான் அடிக்குது சார். மணிதான் தப்பு."

"என்ன உளர்றே?"

"அடிக்கற மணி சரி. காட்டற மணி தப்பு. உள்ள வந்து பாருங்க."

"இங்கேருந்தே நல்லாத் தெரியுது" என்றார் கிளார்க், கதவைப் பிடித்துக்கொண்டு.

"காலைல எப்ப சார் கரண்ட் போச்சு?"

"பள்ளிக்கூடம் தொடங்கறதுக்குக் கொஞ்சம் முன்னால. நேத்தும் அப்படித்தான். கம்பம் மாத்தறாங்க. சாயங்காலம்தான் வருது."

"அப்ப இது தூங்கிடுச்சு. இப்பதான் முழிச்சிருக்கு. தூங்கினதே தெரியாம, விட்ட இடத்துலேருந்து எண்ணுது."

கிளார்க் கதவை விடாமல் எட்டிப் பார்த்தார். "அப்போ இன்னைக்குப் பகல் இதுக்கு வரவே இல்லையா?"

"முழிச்சதும் மணி என்னன்னு கேட்டுக்கச் சொல்லலாம் சார்." சுண்டு அமைப்புகளைத் திறந்தாள். 'தொடங்கும்போது இணையத்தில் நேரம் கேள். அதுவரை மணி அடிக்காதே' என்ற வரிக்குப் பக்கத்தில் கட்டம் காலியாக இருந்தது. "தொடட்டுமா?"

"தொடு, தொடு."

மறுநாளும் காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. மூவரும் திரை முன்னால் நின்றார்கள். மூலையில் மறுபடியும் காலை. அம்மா சுண்டுவின் தோளை இறுக்கிப் பிடித்தாள். ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது.

எண்கள் கண் சிமிட்டின. காலை மறைந்து மாலை வந்தது. ஒலிபெருக்கி வாயை மூடிக்கொண்டது.

"நாளைக்கு வழக்கம்போல வந்துடும்மா" என்றார் கிளார்க். அம்மா துடைப்பத்தை எடுத்தாள்.

வெளியே சாயங்காலம் வெறும் சாயங்காலமாகவே இருந்தது.