முதலில் உனக்கு

கடலூரில் யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் கொடுத்த கையோடு, "கொஞ்சம் மின் எடுத்துக்குங்க" என்பார்கள். வந்தவர் "வேண்டாங்க, இருக்கு" என்பார். சொல்லி முடிப்பதற்குள் அவர் பையிலிருக்கும் கருவியில் பச்சை விளக்கு எரியும். உறவுக்கலம் வந்த பிறகு இதுதான் வழக்கம். கம்பி கிடையாது. ஒருவர் யார் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறாரோ, அவர் அருகில் இருக்கும்வரை இவருடைய கலம் காற்றுவழியே அவருக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும்.

நறுமுகை தன் மடிக்கணினிக்குக் கூடுதல் மின்கலம் வாங்கப் போனபோது கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று செங்கல் கனத்தில் இருந்த தனிக்கலம். யாருக்கும் கொடுக்காது, யாரிடமும் வாங்காது. "இதை இப்ப யாரும் எடுக்கறதில்லம்மா. வீட்ல பேச்சுவார்த்தை இல்லாதவங்கதான் கேக்கறாங்க" என்றார். மற்றது உள்ளங்கைக்குள் அடங்கும் உறவுக்கலம். புயல் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் பிழைப்பு முழுக்க அந்தக் கணினியில்தான். கனத்தையும் ஊர்ப்பேச்சையும் யோசித்து, உறவுக்கலத்தை எடுத்தாள்.

"முதல்ல யாருக்குக் கொடுக்கணும்?"

"எங்க அப்பாவுக்கு."

அப்பா சற்குணத்தின் நெஞ்சுக்குள், இதயத்தைத் துடிக்கவைக்கும் ஓர் இதயத்துணை ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் இருந்ததும் ஓர் உறவுக்கலம்தான். வீட்டில் மின்சாரம் இருக்கும்வரை கவலையில்லை. போய்விட்டால் இதிலிருந்து அவருக்குப் போகட்டும் என்று நினைத்தாள். அதைவிட நல்ல யோசனை அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

புயல் கரையேறிய அன்று பிற்பகலே ஊர் முழுக்க மின்சாரம் நின்றது. நறுமுகை கணினியை அணைத்து மூடி வைத்தாள், இருப்பதெல்லாம் அப்பாவுக்கு என்று. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் கலம் நிறைந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. பிறகு மறுபடி ஏறியது, ஆனால் முன்பு ஏறிய அளவுக்கு ஏறவில்லை.

நாற்காலியில் அப்பா வெளுத்துப்போய்ச் சாய்ந்திருந்தார்.

"அப்பா, உங்க கருவியில யார் பேரைச் சொல்லியிருக்கீங்க?"

"உன் பேரைத்தான். வேற யார் இருக்கா எனக்கு?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இவள் கலம் அவருக்குக் கொடுக்கிறது. அவர் கருவி அதை இவளுக்கே திருப்பி விடுகிறது. கை மாறும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காற்றில் சிந்திப் போகிறது. இப்படியே விட்டால் இரண்டும் காலியாகிவிடும்.

"வேண்டாம்" என்றாள் கலத்திடம். பச்சை விளக்கு எரிந்தது. "வேண்டாம்னு சொல்றேன்ல." இன்னும் கொஞ்சம் ஏறியது. கலத்தைச் செய்தவர்களுக்கு நம் ஜனங்களை நன்றாகத் தெரியும். வேண்டாம் என்பதை நம்பினால் விருந்தாளி பட்டினிதான் என்று, வாங்குகிறவரின் மறுப்பைக் காதிலேயே வாங்காதபடி செய்திருந்தார்கள். கொடுக்கிறவர் தன் வாயால் "முதலில் எனக்கு" என்று சொன்னால்தான் நிற்கும். அதை இவள் சொன்னால் அப்பாவுக்குப் போவது நின்றுவிடும். அவர்தான் சொல்ல வேண்டும்.

"சொல்லுங்கப்பா. ரெண்டே வார்த்தை."

"அது எப்படிம்மா, நீ இருக்கும்போது..."

"சொல்லலைன்னா நீங்க இருக்க மாட்டீங்க."

மகளின் முகத்தைப் பார்த்தார். பெண்டாட்டி போனபின் இத்தனை வருஷமும் மகள் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்டே பழகியவர். மூச்சு வாங்கியது. "முதல்ல..." என்று ஆரம்பித்தார். அவள் தலையசைத்து ஊக்கினாள். "முதல்ல நீ ஏதாவது சாப்பிடு" என்று முடித்தார்.

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் கலத்தையே உற்றுப் பார்த்தாள். அது இறங்கி அடியைத் தொட்டபோது அப்பாவின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. மின் முழுக்க அவரிடம் இருந்த அந்தக் கணத்தில், கலம் பொருத்திய கணினியை வாரி எடுத்துக்கொண்டு படியிறங்கி மழைக்குள் ஓடினாள். தெருமுனையில் பூட்டிக் கிடந்த மருந்துக்கடை வரை போன பிறகுதான் பச்சை விளக்கு அணைந்தது. வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போகிறவள் மாதிரி மூச்சிரைத்து நின்றாள். அப்பா பிழைக்க வேண்டுமானால் அவர் பக்கத்தில் தான் இருக்கக்கூடாது என்பது அவளுக்குத் தாங்கவில்லை.

மழைக்குள் யாரோ வந்தார்கள். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. மறு கையில் குடை.

"வராதீங்கப்பா! அங்கேயே நில்லுங்க. எனக்குக் குடை வேண்டாம்."

அந்த வேண்டாம் என்றதையும் அவர் காதில் வாங்கவில்லை. "நனையாத கண்ணு" என்று இன்னும் நாலடி வைத்தார். அவள் கையில் பச்சை விளக்கு எரிந்தது. சற்குணத்தின் முழங்கால் மடங்கியது.

நறுமுகை கணினியைக் கலத்தோடு சேர்த்துத் தெருவோரம் பொங்கி ஓடிய வெள்ளத்தில் வீசினாள். விளக்கு தண்ணீருக்குள் கொஞ்ச தூரம் பச்சையாகப் போய் அணைந்தது.

ஓடிப்போய் அவரைத் தாங்கிப் பிடித்தாள். அவர் நெஞ்சில் காதை வைத்தாள். இதயத்துணை மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் வரும்வரை தாங்கினால் சரி.

"உன் வேலையெல்லாம் அதுலதானேம்மா இருந்துச்சு" என்றார்.

"பேசாம வாங்கப்பா."

அவர் குடையை அவள் தலைக்கு மேல் நகர்த்தினார். அவள் அதை அவர் பக்கம் தள்ளினாள். அவர் மறுபடி இவள் பக்கம் சாய்த்தார். வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு பேருமே தொப்பலாக நனைந்திருந்தார்கள்.