உருளைக்குள் இன்னொருவர்

வாசலில் இருந்த நோட்டில் ஃபிட்டர் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போன அவருடைய தங்கை புருஷன், திரும்பி நடந்து வரவில்லை.

அவரும் ஃபிட்டர்தான். ரப்பர் கலக்கும் உருளைக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தபோது யாரோ மெஷினை ஓட்டிவிட்டார்கள். "மெயின் சுவிட்சைப் பூட்டாமல் இறங்கியது அவரது கவனக்குறைவு" என்று எழுதிக் கை கழுவியது நிர்வாகம். குளிக்கப் போனாலே தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற மனுஷன் அவர்.

அந்தக் காகிதத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் இவர். போடாவிட்டால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. தங்கைக்கு இன்றுவரை தெரியாது.

"கத்தி போல்ட்டு ரெண்டு லூஸு. மதியத்துக்குள்ள மெஷின் ஓடணும்," என்றார் சூப்பர்வைசர்.

"கூட ஒரு ஆள் குடுங்க."

"ரெண்டு போல்ட்டுக்கு ரெண்டு ஆளா?"

மெயினைத் தன் பூட்டால் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்து உள்ளே நுழைந்தார்.

உள்ளே காலையும் இல்லை, மதியமும் இல்லை. கருகிய ரப்பர் நாற்றம். டார்ச் வெளிச்சத்தில் கத்திகள் வரிசையாகப் பளபளத்தன. முதல் போல்ட்டை முறுக்கினார். இரண்டாவதில் ஸ்பேனரை மாட்டியபோது ரப்பர் நாற்றத்தை மீறி வியர்வை வாடை வந்தது. தன்னுடையது இல்லை.

மூச்சை அடக்கிக்கொண்டார்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

"மச்சான்..."

டார்ச் கைநழுவி அணைந்தது.

"நான் பூட்டிட்டுத்தான் எறங்கினேன், மச்சான்."

"தெரியும், மாப்ளே," என்றார், தனக்கே கேட்காத குரலில்.

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?"

இருட்டில் ஒரு கை அவர் மணிக்கட்டைப் பற்றியது. ஐஸ் மாதிரி குளிர்ந்த கை. இதோடு தன் கதை முடிந்தது என்று நினைத்தார்.

"வெளிய போங்க. பூட்ட வெட்டுறாங்க."

அந்தக் கை அவரை வாசலை நோக்கி வீசியது. தலை இடித்து, தோல் உரிந்து, தரையில் வந்து விழுந்தார்.

பின்னால் உருளை உறுமிச் சுழன்றது.

மெயின் பெட்டியருகே சூப்பர்வைசர், கையில் கட்டரோடு. காலடியில் இரண்டு துண்டாகப் பூட்டு. "சாப்பிடப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்..." என்று குழறினார்.

ஃபிட்டர் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு நேராகத் தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை. "இப்பவாவது வாயத் தொறந்தீங்களே, அண்ணே," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். தொழிலாளர் துறையில் எழுதிக் கொடுத்தார். விசாரணை நடக்கிறது என்றார்கள். அது ஆமை வேகத்தில் நடந்தது. சூப்பர்வைசரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். அந்த வட்டாரத்தில் எந்தத் தொழிற்சாலையும் அதற்குப் பிறகு இவரைக் கூப்பிடவில்லை.

மெஷின் மட்டும் ஓடியது.

இரண்டு வாரம் கழித்து, அங்கே புதிதாக வேலைக்குப் போன ஃபிட்டர் இவரைத் தேடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, போல்ட்டு முறுக்கிட்டு வெளிய வந்தேன். பின்னால வர்றவருக்குக் கை குடுத்தேன். பிடிச்சாரு. நல்ல கனம், தோளே எறங்கிடுச்சு..."

தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

"அப்புறம்தாண்ணே உறைச்சுது, நான் தனியாத்தானே எறங்கினேன்."