பத்தாவது பொட்டு

அன்றைக்கு ஒன்பதாவது நாள். ஜன்னல் கண்ணாடியில் பத்துப் பொட்டுகள் இருந்தன.

நிர்மலாதேவி விரல் வைத்து இரண்டு முறை எண்ணினாள். ஒரு நாளைக்கு ஒரு பொட்டு என்பதுதான் ஏற்பாடு. அவள் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். கோள்கள் நட்சத்திரங்களுக்கு நடுவே நாளுக்கு நாள் இடம் மாறும் என்று போர்டில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கண்ணால் பார்த்தால்தான் இதுகள் மண்டையில் ஏறும் என்று, நல்லம்பள்ளியில் தன் வீட்டுக் கிழக்கு ஜன்னலிலேயே செவ்வாயைப் பிடித்துக் காட்ட இறங்கியிருந்தாள். ஜன்னலோரம் ஒரு ஸ்டூல். தலை அசையாமல் இருக்க, மகள் காவியா அதன் மேல் மோவாயை ஊன்றிக்கொள்வாள். மிதுன ராசியின் இரட்டை நட்சத்திரங்கள், கண்ணாடியில் மையால் வைத்த இரண்டு புள்ளிகளின் மேல் வந்து உட்காரும் வரை காத்திருப்பாள். அந்த நொடியில் செவ்வாய் எங்கே தெரிகிறதோ அங்கே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. நிர்மலாவுக்கு இரவில் பார்வை கொஞ்சம் மங்கல். அதனால் பார்ப்பது காவியா, நோட்டில் வரைவது அம்மா.

"ஏன்டி, இன்னிக்கு ரெண்டு ஒட்டிட்டியா? பொட்டு என்ன மரத்துலயா காய்க்குது?"

பதினோரு வயதுக் காவியா ஸ்டூலிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "ரெண்டு இருக்குதும்மா. அதான் ரெண்டு ஒட்டுனேன்."

நிர்மலா மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்து அவரைப் பூ வாசனையும், எங்கோ கொளுத்திய ராகித் தட்டையின் புகையும் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்தன. தொப்பூர் கணவாய்ப் பக்கமிருந்து லாரிகள் பிரேக் போடும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. செவ்வாய் தன் இடத்தில் இருந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி, இன்னொரு சிவப்புப் புள்ளி. மினுங்கவில்லை. செவ்வாயைவிடக் கொஞ்சம் கருத்த சிவப்பு.

போனில் வானத்தைக் காட்டும் ஆப்பைத் திறந்து பிடித்தாள். செவ்வாய் இருந்தது, இரட்டை நட்சத்திரங்கள் இருந்தன. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

ஓசூரில் கம்பெனி வேலையிலிருக்கும் கணவன் மாதவராஜுக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை இரவுதான் அவன் வீட்டுக்கு வருவான்.

"டவர் லைட்டா இருக்கும், டீச்சரம்மா. புதுசா கட்டியிருப்பானுங்க."

"டவர் லைட்டு எனக்குத் தெரியாதாங்க? நேத்து அங்க எதுவும் இல்லீங்க."

"அப்ப நீயே புதுக் கோள் கண்டுபுடிச்சிட்ட. பேப்பர்ல போட்டோ வரும், நல்ல புடவையா கட்டிக்க," என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு ஜன்னல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

மறுநாள் அந்தப் புள்ளி செவ்வாயிலிருந்து ஒன்றரை விரல் தள்ளியிருந்தது. அதற்கடுத்த நாள் மூன்று விரல். அதற்குத் தனியாகக் கறுப்புப் பொட்டு ஒட்டச் சொன்னாள் நிர்மலா. டீச்சர் புத்தி, பயப்படுவதற்கு முன்னால் அளந்து பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. நான்காம் நாள் அது கிழக்கு ஜன்னலிலேயே இல்லை. அப்பாடா என்று அவள் அடுப்படிக்குப் போனால், அங்கே தெற்கு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நின்றது.

அதிலிருந்த வித்தியாசத்தைக் காவியாதான் கண்டுபிடித்தாள். வகுப்பில் பிள்ளைகளுக்கு நிர்மலா வழக்கமாகச் சொல்லிக் கொடுப்பதுதான்: கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார், பிறகு மறு கண்ணை மூடிப் பார். விரல் இடம் தாண்டும். பக்கத்தில் இருப்பது தாண்டும், தூரத்தில் இருப்பது தாண்டாது. நட்சத்திரம் தாண்டவே தாண்டாது.

"அம்மா," என்றாள் காவியா, இடது கண்ணைப் பொத்தி, பிறகு வலது கண்ணைப் பொத்தி. "இது தாண்டுதும்மா."

நிர்மலா தானும் செய்து பார்த்தாள். பின்னாலிருந்த நட்சத்திரங்கள் அசையாமல் நிற்க, சிவப்புப் புள்ளி மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் தாண்டியது. வானத்தில் இல்லை அது. தோட்டத்துக்கு மேலே, தென்னை மர உயரத்தில், ஆள் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறக் கதவைத் திறந்தாள். தெருவில் எப்போதும் குரைத்துத் தொலைக்கிற நாய்கள் ஒன்றும் குரைக்கவில்லை. கிணற்று மோட்டார் ஓடவில்லை, பூச்சிகள் கத்தவில்லை, லாரிச் சத்தம்கூட யாரோ கதவைச் சாத்தியது போல நின்றிருந்தது. அவரைப் பூ வாசனைக்கு மேலாக ஒரு வெல்டிங் பட்டறை வாசனை, இரும்பைத் தீய்த்த வாசனை, அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பட்டறையும் இல்லாத இருட்டிலிருந்து வந்தது. டார்ச்சை மேலே அடித்தாள். வெளிச்சம் போய்ச் சேரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்து, காவியாவைத் தன் பக்கத்தில் படுக்க வைத்து, விடியும் வரை அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

அதற்குப் பிறகு பொட்டுகளின் இடைவெளி நாளுக்கு நாள் கூடியது. அடுப்படி ஜன்னலிலிருந்து குளியலறை வென்டிலேட்டர். அங்கிருந்து வடக்குப் பக்கம். எங்கே போனாலும் காவியா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். பயமே இல்லை அவளுக்கு. அதுதான் நிர்மலாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு கிராஃப் தாளை விரித்து உட்கார்ந்தாள். நடுவில் வீடு. ஜன்னல்கள். ஒவ்வொரு பொட்டையும் தாளில் வைத்து, கண்ணுக்குக் கண் அது தாண்டிய அளவை வைத்துத் தூரம் போட்டு, பென்சிலால் இணைத்தாள். ஒரு நீள்வட்டம் வந்தது. எத்தனையோ வருஷமாகப் போர்டில் அவள் கைப்பட வரைந்த அதே நீள்வட்டம். தூரத்தில் இருந்தபோது மெதுவாக நகர்ந்திருக்கிறது. கிட்டே வரவர வேகம் கூடியிருக்கிறது. கோள்கள் சூரியனைச் சுற்றும் விதி அது, பத்து மதிப்பெண் கேள்வி. சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் பென்சில் முனையை ஊன்றினாள். அது விழுந்த இடம், கிழக்கு ஜன்னலோரம் காவியா மோவாய் வைக்கும் ஸ்டூல்.

திரும்பவும் போட்டாள். திரும்பவும் அங்கேயே விழுந்தது. அது வீட்டைச் சுற்றவில்லை, அவள் மகளைச் சுற்றுகிறது. மிகக் கிட்டே வரப்போகும் நாளையும் கணக்கு சொன்னது: நாளை, சனிக்கிழமை, இரவு எட்டரைக்குள்.

எம் புள்ளைய நான் குடுக்க மாட்டேன். வாய்விட்டே சொன்னாள்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு மாதவராஜின் போன் வந்தது. ஓவர்டைம், காலையில்தான் வருவான். சண்டை போடக்கூட அவளுக்கு நேரமில்லை. ஏழேகாலுக்குக் கிழக்கு ஜன்னல் சிவந்தது. காவியா ஒரு கண்ணைப் பொத்தினாள், மறு கண்ணைப் பொத்தினாள். "ஜன்னலோட இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் தாண்டுதும்மா. வாசல்லயே இருக்குது."

"பைய எடு. பெரியம்மா வூட்டுக்குப் போறோம்."

அக்கா செல்லி இண்டூரில் இருந்தாள். அது கிழக்கே நின்றது, இண்டூர் எதிர்ப்பக்கம். கொல்லைப்புற வழியாக ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து, காவியாவைப் பின்னால் ஏற்றி, "இறுக்கிப் புடிச்சுக்கடி, கைய விடக் கூடாது," என்று சொல்லி, விளக்குப் போடாமலே தெருவைத் தாண்டினாள். சின்னக் கைகள் அவள் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டன.

ஊர் எல்லை தாண்டியதும் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் இருட்டு. வெறும் இருட்டு. அந்த இருட்டு அவளுக்கு அத்தனை நிம்மதியாக இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. எதிரே அறுத்த ராகிக் கொல்லைகள், இரண்டு பக்கமும் புளிய மரங்கள், குளிர்ந்த காற்று, முதுகில் சாய்ந்த மகளின் கன்னத்துச் சூடு. 'இண்டூர் 6 கி.மீ.' என்ற மைல்கல் கடந்து போனது. இன்னும் கால் மணி நேரம். அக்கா சுடு சோறு போடுவாள். காவியா தூங்கிவிடுவாள்.

காற்றில் இரும்பு தீய்ந்த வாசனை வந்தது.

இடது பக்கம், கொல்லைக்கு நடுவே, ஆள் உயரத்தில் அது நின்றது. பெரிய சிவப்பு. ஆனால் அதற்குக் கீழே இருந்த ராகித் தாள்களின் மேல் துளி வெளிச்சமும் விழவில்லை. நிர்மலா ஆக்சிலேட்டரை முறுக்கினாள். அது பின்னுக்குப் போகவில்லை. இடது தோளுக்கு நேராகவே நின்றது. அவள் எவ்வளவு ஓட்டியும் அதே இடத்தில்.

'இண்டூர் 6 கி.மீ.' மைல்கல்.

முன்னே பார்த்ததுதானே? தப்பாகப் படித்திருப்பேன் என்று நினைத்தாள். நேரான ரோடு. ஒரு வளைவு இல்லை. ஹேண்டில் பாரைத் திருப்பவே இல்லை.

புளிய மரம். பாதி உடைந்த பாலச்சுவர். மைல்கல். இண்டூர் 6.

பிரேக் பிடித்தாள். நிற்கவில்லை. சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தாள். சத்தம் நின்றது. வண்டி நிற்கவில்லை. சக்கரம் தரையில் உரசும் ஓசைகூட இல்லை. காற்று மட்டும் காதில் அடித்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஸ்டூலில் மோவாய் வைத்தது காவியா. பார்த்தது காவியா. பார்க்கிறவர்களுக்கு எப்போதும் தாங்கள்தான் நடு. ஊர் உலகமே தங்களைச் சுற்றுவதாகத்தான் தெரியும். சூரியன் நம்மைச் சுற்றுகிறது என்று மனுஷன் எத்தனை காலம் நம்பினான் என்று வருஷா வருஷம் பாடம் எடுத்தவள் அவள்தான். அது வரவே இல்லை. அது ஒரே இடத்தில் நின்றிருக்கிறது. இந்தக் கொல்லையில். இவர்கள்தான் இத்தனை நாளும் அதைச் சுற்றிச் சுற்றிக் கிட்டே போய்க்கொண்டிருந்தார்கள், வீட்டோடு, தூக்கத்தோடு. கடைசித் தூரத்தை அவளே வண்டியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள்.

"காவியா, குதிச்சிரு! கண்ணு, குதிச்சிரு!"

"தரை எங்கம்மா?" என்றாள் காவியா.

நிர்மலா குனிந்து பார்த்தாள். ரோடு கீழே எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. மைல்கல் வந்தது. உடனே மறுபடி வந்தது.

இடுப்பில் இருந்த கைகள் தளர்ந்தன.

"விடாத! காவியா, விடாத!"

ஒரு கையால் பின்னால் துழாவினாள். சீட் வெதுவெதுப்பாக இருந்தது. சீட்டில் யாரும் இல்லை.

கத்தினாள். தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் காற்று எடுத்துக்கொண்டது. திரும்ப முடியவில்லை. இறங்க முடியவில்லை. சுற்றத்தான் முடிந்தது.

பிறகு பார்த்தாள். அவளுக்கும் அந்தச் சிவப்புக்கும் நடுவே, பின்னாலிருந்து, ஏதோ ஒன்று வந்தது. அவளைவிட வேகமாக. உள்ளே சுற்றுவதற்கு எப்போதும் வேகம் அதிகம்.

காவியா. முதுகில் பள்ளிப் பை. பின் சீட்டில் உட்கார்ந்த அதே மாதிரி, கால்களை மடக்கி, அந்தரத்தில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தை ஒரு பக்கம் சாய்த்திருந்தாள். அம்மா சொன்னபடி இரண்டு கைகளையும் முன்னால் இறுக்கிக் கோத்திருந்தாள். அந்தக் கைகளுக்குள் யாருடைய இடுப்பும் இல்லை.

கை நீட்டினாள் நிர்மலா. எட்டவில்லை. காவியா முந்திப் போய், சிவப்பின் அந்தப் பக்கம் சுற்றி மறைந்தாள்.

திரும்ப வந்தாள். இன்னும் உள்ளே. இன்னும் வேகமாக. கண்கள் மூடியிருந்தன. கைகள் விடவில்லை.

திரும்ப வந்தாள்.