நெற்றிக் காசு

வெட்டுக்குள் மஞ்சள் மறுபடியும் ஈரமாக இருந்தது.

நேற்றுதான் ஊசிமுனையில் பஞ்சைச் சுற்றி பாஸ்கல் அதைச் சுத்தமாக எடுத்திருந்தான். இன்று வேலை விட்டு வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல், டப்பாவைத் திறந்து காசை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான். காசின் முகப்பில், திபேரியு ராஜாவின் காதுக்குக் கீழே தொடங்கி, கன்னத்தைத் தாண்டி, மூக்கடியில் முடிகிற பழைய உளிவெட்டு. அதன் பள்ளம் முழுக்க, யாரோ இப்போதுதான் விரலால் வழித்துவிட்டுப் போனது போல, அரைத்த மஞ்சள். முகர்ந்தான். மஞ்சளுக்கு அடியில் சாம்பிராணி, சாம்பிராணிக்கு அடியில் வாடிய சாமந்தி, அதற்கும் அடியில் மழையில் ஊறிய மண்ணின் குளிர்ந்த வாடை.

பழக்க தோஷத்தில் காசைக் கட்டைவிரல் நகத்தில் நிறுத்திச் சுண்டினான். அசல் வெள்ளி கிண்ணென்று எழுந்து நீளும்; அச்சில் வார்த்த போலி டொக்கென்று அங்கேயே செத்துவிடும். இது கிண்ணென்றது. அது அடங்கிய பிறகு, காய்ச்சலில் மகள் படுத்திருந்த உள்ளறையிலிருந்து இன்னொரு கிண் கேட்டது.

எழுந்து போய்ப் பார்த்தான். அருள்செல்வி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அறையில் வேறு எதுவும் இல்லை.

பூந்தமல்லி வெள்ளிக்கடைகளில் உருக்குவதற்கென்று குவித்திருக்கும் பழைய சாமான்களைக் கிளறிக் கிளறி அவன் சேர்த்தவை கொஞ்சம் காசுகள். எல்லாம் ரோமாபுரி ராஜா அகஸ்டஸ் தலை போட்டவை. அவருக்கு அடுத்து வந்த திபேரியு மட்டும் சிக்கவே இல்லை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், இயேசு காட்டச் சொன்ன காசு என்று சாமியார் சொன்னாரே, அதே தலை போட்ட காசு. பின்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். படத்தில் பார்த்துப் பார்த்து அவளுடைய கையிலிருக்கும் கிளைகூட அவனுக்கு மனப்பாடம்.

அந்தக் காசு துலுக்கானத்திடம் இருந்தது. திருமழிசை எஸ்டேட்டில், பாஸ்கல் மோல்டிங் போடும் அதே பித்தளை வார்ப்புப் பட்டறையில் உலைக்குக் கரி தள்ளியவன். நூம்பலில் பிளாட் போடுகிற இடத்தில் ஞாயிற்றுக்கிழமை கூலிக்குக் கடக்கால் தோண்டப் போய், மண்வெட்டியில் மாட்டியது என்று மடியில் முடிந்து வைத்திருந்தான். பாஸ்கல் கெஞ்சிப் பார்த்தான், குடிக்க வாங்கிக் கொடுத்துப் பார்த்தான்.

"மண்ணுலேர்ந்து வந்த காசு உனுக்கு எதுக்கு மாமே?"

"திரும்ப மண்ணுக்கே போறதுக்குதான் அண்ணாத்தே வெச்சிகினு கீறேன். நா பூட்டா இத்த நெத்தியில வெச்சி அனுப்புன்னு எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன். ராஜா தலையோட போனா எமன்கூட எழுந்து சலாம் வெப்பான்."

அந்த ஐப்பசி மழையிலேயே ஒரு காய்ச்சலில் போய்விட்டான். பந்தலில் சாவு மேளம் காதைக் கிழித்தது. துலுக்கானத்தின் மனைவி முனியம்மா அவன் நெற்றியில் மஞ்சளைக் குழைத்து அப்பி அதன்மேல் காசைப் பதித்தாள். பாஸ்கல் மாலையைச் சரிசெய்வது போலக் குனிந்தான். உள்ளங்கையில் ஒரு நாலணா இருந்தது. இரண்டும் ஒரே அளவு. நிமிர்ந்தபோது நாலணா நெற்றியில் இருந்தது, ராஜா கையில் இருந்தார். குனிந்திருந்த அந்தக் கணத்தில் துலுக்கானத்தின் ஒரு கண் இமை கொஞ்சம் திறந்திருந்ததைப் பார்த்தான். பிணத்துக்கு அப்படி ஆவது உண்டு. அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டான்.

உள்ளறையில் கிண் கேட்ட மறுநாள் காலை, மனைவி ஞானகுமாரி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பை நிறுத்தினாள்.

"யோவ், இங்க வந்து பாரு. கொயந்த நெத்தியில இன்னாயா இது?"

புருவங்களுக்கு நடுவே வட்டமாக, வெளிறிப்போய், நாலணா அளவுக்கு ஒரு தடம். தொட்டான். உடம்பெல்லாம் காய்ச்சலில் கொதிக்க, அந்த வட்டம் மட்டும் ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. ஜன்னலைத் திறந்து முகத்தைத் திருப்பிப் பார்த்தபோது, வட்டத்துக்குள் சாய்வாக ஓடிய கோடும் தெரிந்தது.

"ஒரு அண்ணாத்தே வர்றாரு நைனா," என்றாள் அருள்செல்வி. "வெரலால நெத்தியில அமுக்கிக்கினே கீறாரு. கனமா கீது."

ஞானகுமாரி படர்தாமரை என்று களிம்பு தடவினாள். களிம்பு அந்த வட்டத்தில் மட்டும் ஒட்டாமல் வழிந்தது.

அன்று மத்தியானம் பட்டறை வாசலில் முனியம்மா நின்றிருந்தாள். புருஷனின் சாப்பாட்டுத் தூக்கை வாங்கிப்போக வந்திருந்தாள். பாஸ்கல்தான் எடுத்துக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டும் போகவில்லை.

"தெனிக்கும் கனாவுல வர்றாருண்ணே. நெத்தி காந்துதுன்றாரு. நாலணா வெச்சா என்னிய அனுப்பினேன்னு பச்சப் புள்ள மாரி அழுவுறாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எங் கையாலதான வெள்ளிக் காசு வெச்சேன். நீகூட பக்கத்துலதான இருந்தே. பின்ன அவுரு ஏன் நாலணான்றாரு?"

பாஸ்கல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "துக்கத்துல அப்டிதாம்மா வரும்," என்றான்.

"இப்பல்லாம் அழுவறது இல்ல," என்றாள் அவள். "ரெண்டு நாளா சிரிக்கிறாரு."

வீட்டுக்கு வந்தபோது மகளின் நெற்றியில் வட்டம் பள்ளமாகியிருந்தது. அதற்குள் காது, கன்னம், மூக்கு எல்லாம் மெல்ல எழும்பிக்கொண்டிருந்தன. ஞானகுமாரி கட்டிலடியிலிருந்து அவனுடைய டப்பாவை எடுத்துத் திறந்து மடியில் வைத்திருந்தாள்.

"ஊடே எழவு ஊடு மாரி நாறுது. எங்கடான்னு தேடிகினு வந்தா இதுலேர்ந்து வருது." குரல் உயரவில்லை. "பொணத்து நெத்தியிலேர்ந்து எடுத்தியா?"

அவன் டப்பாவுக்குக் கை நீட்டினான்.

"நாளைக்கி போய் அவன் காச அவங்கிட்ட குடுத்துட்டு வா. எம் பொண்ணுக்கு எதுனா ஆச்சி, உன்ன நானே பொதச்சிருவேன்."

கொடுத்துவிடுவதென்று அவன் நிஜமாகவே முடிவு செய்தான். காலையில் காசை டப்பாவோடு பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தான். வழியெல்லாம் மழைத்தண்ணீரைப் பிளந்துகொண்டு போனபோதும் ஒரு கை பைக்குள் புகுந்து, டப்பாவைத் திறந்து, காசையே தடவிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முழங்கால், கிளை, விளிம்பில் ஓடும் எழுத்து. மண்ணில் போனால் கறுத்துவிடும். செத்தவனுக்கு எந்தக் காசாக இருந்தால் என்ன? ஒரு ராஜா தலை. ஒரு வெள்ளி. பட்டறை கேட்டைத் தாண்டுவதற்குள் அவனுக்கு வழி தோன்றிவிட்டது.

வெள்ளி வேண்டும். வீட்டில் பிஸ்கட் டப்பாவில் அருள்செல்வியின் ஒற்றைக் கொலுசு கொக்கி அறுந்து கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி, சரிபண்ணித் தருகிறேன் என்று எடுத்து வந்தான். பாயில் கிடந்த மகள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்: "அது என்துதான நைனா?"

"ஆமாடா. உன்துதான்."

எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் சின்ன அச்சுப்பெட்டி இரண்டில் பொடிமண்ணை இறுக்கி, காசை நடுவில் வைத்து அழுத்தி, பிரித்தெடுத்தான். இரண்டு பாதியிலும் ராஜாவும் பெண்ணும் தெளிவாகப் பதிந்திருந்தார்கள். கொலுசு, வெள்ளி உருக்கும் மூசையில் சுருண்டு, சிவந்து, சட்டென்று தண்ணீராய் உருண்டது. ஊற்றியபோது மண்ணிலிருந்து சின்னதாக ஒரு முனகல் வந்தது. ஈரம் ஆவியாகிற சத்தம். எப்போதும் வருவதுதான்.

நல்ல வார்ப்பு. தூரத்தில் பார்த்தால் அவனே ஏமாறுவான். கிட்டத்தில் பார்த்தால் தெரியும்: தோலெல்லாம் ஊசி குத்தினாற்போலத் துளைகள், விளிம்பைச் சுற்றி, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மயிரிழைக் கோடு. அரத்தை எடுத்து அந்தக் கோட்டை ராவினான். பாதிதான் ராவியிருப்பான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, மிச்சத்தை அப்படியே விட்டான். செத்தவன் விளிம்பையா பார்க்கப்போகிறான்.

சுண்டிப் பார்த்தான். டொக்.

நெமிலிச்சேரி ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. தவளைகள் ஒரு பக்கம் கத்த, ஸ்டேஷன் பக்கமிருந்து மின்சார ரயிலின் ஊளை ஈரக்காற்றில் இழுபட்டு வர, கருவேல மரங்களுக்கு நடுவே துலுக்கானத்தைப் புதைத்த மேடு கரைந்து பாதி உயரமாகியிருந்தது. சாமந்தி மாலையின் நார் மட்டும் மிச்சம். தலைமாட்டில் உட்கார்ந்து சேற்றில் விரலை விட்டான்.

"இந்தா மாமே. உன் ராஜா." குரல் அவனுக்கே பொய்யாகக் கேட்டது.

போலியை விரல்நுனியில் வைத்து மண்ணுக்குள் அழுத்தினான். சேறு உள்ளே கதகதப்பாக இருந்தது. இன்னும் அழுத்தினான். விரல் முழுக்க இறங்கியது.

கீழே இருந்து யாரோ அதை வாங்கிக்கொண்டார்கள்.

பிடுங்கவில்லை. வாங்கினார்கள், மெதுவாக, புரட்டிப் பார்த்துக்கொண்டே. விரல்நுனிக்கு அடியில் காசு ஒரு முறை திரும்பியது. விளிம்பை எதுவோ தடவிக்கொண்டு போனது. முழு வட்டம். பிறகு மண்ணுக்குள்ளிருந்து, மிகத் தெளிவாக, நகத்தில் சுண்டும் சத்தம்.

டொக்.

தவளைகள் நின்றன.

சைக்கிளை எடுத்தது, தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் மிதித்தது, செயின் கழன்றது, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியது, எதுவும் அவனுக்கு முழுதாக நினைவில்லை. பை மட்டும் இடுப்பில் அடித்துக்கொண்டே இருந்தது. அசல் உள்ளே இருந்தது. அதன் கனம் தெரிந்தது.

தெருவில் கரண்ட் இல்லை. வீட்டுக்குள் மெழுகுவர்த்தி. வாசலிலேயே ஞானகுமாரி சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு பார்க்கிற சிரிப்பு.

"குடுத்துட்டியா? எனுக்குத் தெரியும். இப்பதான், வெளக்கு வெக்கிற நேரத்துக்கு, காச்சல் சட்டுனு வுட்டுட்ச்சி. நெத்தி பளிச்சுனு ஆயிட்ச்சி. எழுந்து உக்காந்துகினா பாரு."

அருள்செல்வி மெழுகுவர்த்திக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ஒன்றுமே இல்லை. வழவழவென்று இருந்தது. பாஸ்கல் சிலுவை போட்டுக்கொண்டான். மாதாவே, மாதாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"தண்ணி குடு செல்வி நைனாவுக்கு," என்றாள் ஞானகுமாரி, அடுப்படிக்குப் போய்க்கொண்டே.

மகள் எழுந்தாள். இருட்டில் முழங்கால் கதவு நிலையில் மோதியது.

டொக்.

அவள் அழவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை.

பாஸ்கல் பையைப் பிரித்தான். டப்பா. பஞ்சு. திருப்பிக் கொடுத்துவிடலாம். இப்போதே ஓடிப்போய்க் கொடுத்துவிடலாம். அசலையே. மாதா சத்தியமாக அசலையே.

பஞ்சில் ஒரு நாலணா இருந்தது. அதன்மேல் மஞ்சள். ஈரமாக.

சொம்பு அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றது. பிடித்திருந்த கை குளிர்ந்திருந்தது. புறங்கைத் தோலில் ஊசி குத்தினாற்போலத் துளைகள். சின்னச் சின்னதாக. நிறைய.

நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று நினைத்தான்.

பார்த்தான்.

அருள்செல்வியின் கண், அருள்செல்வியின் மூக்கு, முன்பல் விழுந்த சிரிப்பு. மெழுகுவர்த்தி அசைந்தது. அவள் முகத்தைப் பக்கவாட்டில், ராஜாவைப் போல, மெல்லத் திருப்பிக் காட்டினாள். உச்சந்தலையில் தொடங்கி, காதுக்குப் பின்னால் இறங்கி, கழுத்தோரமாகக் கவுனுக்குள் போனது ஒரு மயிரிழைக் கோடு. காது வரைக்கும் ராவியிருந்தது. அதற்குக் கீழே அப்படியே விட்டிருந்தது.

"தூரத்துல பாத்தா தெரில, இல்ல அண்ணாத்தே?" என்றாள்.

அடுப்படியில் ஞானகுமாரி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தோசைக்கல்லை ஏற்றினாள். வெளியே ஊர் முழுக்க இருட்டு. தவளைகூடக் கத்தவில்லை. அந்த நிசப்தத்தில், ஏரிப் பக்கத்திலிருந்து, ஆழத்தில், வெள்ளி மட்டுமே எழுப்புகிற நீண்ட ஒலி ஒன்று வந்தது. கிண். ஒரு சின்னக் கால் எதையோ உதைப்பது போல. கிண். கிண்.

சொம்பைப் பிடித்த கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. உதடுகள் சிரித்தன. கழுத்துக் கோட்டின் ஓரத்தில் ஒரு மணல் துகள் உதிர்ந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அவன் மடியில் விழுந்தது.